கச்சான் காற்றில் வாட்டிய குடித்தனம்

டீமேக்கர் புவனேந்திரன் ஓய்வு பெற்ற வருஷம், தன் வீட்டுச் சாமான் முழுவதையும் தேயிலைக் கொழுந்தைப் போல வாட்டி, சந்தைக்குப் போகிற கூடையொன்றில் போட்டு, பஸ்ஸில் ஏறிப் பெரகலைக்குக் கொண்டுபோனார். தேக்கு அலுமாரி தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிதாக இருந்தது. ஆட்டுக்கல் ஒரு பாக்கின் அளவு. பத்துப் பேர் உட்கார்ந்து சாப்பிடும் மேசையின் கால் முறிந்துவிடக் கூடாதென்று அதை மட்டும் கைக்குட்டையில் சுற்றி வைத்திருந்தார். கூடை மடியிலேயே அடங்கியதால் கண்டக்டர் அதற்குத் தனி டிக்கெட் கேட்கவில்லை. அந்த வாரம் கொழும்பு ஏலத்தில் ஊவாத் தேயிலைக்கு நல்ல விலை போயிருந்தது. தோட்டத்து ஆட்கள் அதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள்.

தோட்டம் பூனாகலைக்கு மேலே இருக்கிறது. பெயரைச் சொன்னால் கம்பனிக்காரர்களுக்கு முகம் கறுக்கும் என்பதால் அதை விட்டுவிடுவோம். அங்கே தேயிலைத் தொழிற்சாலையை ஸ்டோர் என்பார்கள். ஸ்டோருக்குள் டீமேக்கர் சொன்னதுதான் சட்டம். தோட்டத்துத் துரைகூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வருவார். புவனேந்திரன் அந்த வேலையிலேயே தலை நரைத்தவர். வாடிய கொழுந்தில் ஒரு பிடி அள்ளி, உள்ளங்கையில் இறுக்கி, விரல்களைத் திறந்து, அது எப்படி விரிகிறது என்று பார்த்துவிட்டு "எறக்குங்க" என்பார். அதற்கு மேல் அவர் நீட்டிப் பேசியதாக யாருக்கும் நினைவில்லை. மனைவி விஜயலெட்சுமியோடும் அப்படித்தான்: சாப்பாடு ஆச்சா, பிள்ளைகள் போன் பண்ணினார்களா, மழை வரும்போல இருக்கிறதே. அவர் கெட்டவரில்லை. எதைப் பேசினால் என்ன நடக்கும் என்று தெரியாத மனிதர், அவ்வளவுதான். கம்பனி கொடுத்த குவாட்டர்ஸில் நாலு அறை, பெரிய ஹால், முன்விறாந்தை, பின்விறாந்தை, இரண்டு குசினி என்று இருந்ததால், வருஷத்துக்கு ஒன்றாகச் சாமான் வந்து சேர்ந்துகொண்டே இருந்தது.

ஓய்வு பெற்றவர் குவாட்டர்ஸைக் காலிசெய்து கொடுக்க வேண்டும். புவனேந்திரனின் சேமிப்பில் வாங்க முடிந்தது பெரகலச் சந்திக்குச் சற்று மேலே ஒரு சின்ன வீடு: ஓர் அறை, பின்னால் ஒரு குசினி, வாசலைத் தாண்டினால் ரோட்டு. மகள் சிவசக்தி பதுளையில் இருந்தாள். கணவனுக்கு பஜாரில் இரும்புக்கடை, மாடி வைத்த வீடு, கையில் குழந்தை. மகன் ரமேஸ் வத்தளையில் ஒரு ஃப்ளாட்டில் குடும்பத்தோடு இருந்தான். அக்காவும் தம்பியும் போனில் பேசி, நல்ல மனதோடுதான் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அம்மா பதுளைக்கு, குழந்தையைப் பார்த்துக்கொள்ள. அப்பா வத்தளைக்கு, பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுக் கூட்டிவர. பெரகல வீட்டை வாடகைக்கு விடலாம். இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த இரண்டு பேரை, ஒரு கடுஞ்சொல்கூட இல்லாமல், பாசத்தாலேயே பங்கு போட்டு முடித்தார்கள். புவனேந்திரனுக்கு இதில் துளியும் விருப்பமில்லை. பெண்சாதியோடு பெரகலையில் இருக்க வேண்டும் என்பதுதான் அவர் ஆசை. அதை அவர் பிள்ளைகளிடமும் சொல்லவில்லை, அவளிடமும் சொல்லவில்லை.

விஜயலெட்சுமி பெரகல வீட்டை ஒரு தடவை போய்ப் பார்த்தாள். வாசலில் நின்றபடியே முழு வீட்டையும் பார்த்து முடித்துவிடலாம். திரும்பி வரும்போது பஸ்ஸில், "சாமானெல்லாம் எங்கங்க வைக்கிறது?" என்று மட்டும் கேட்டாள். மகள் வீட்டு மாடியில் இடம் நிறைய இருப்பதாகவும் சொன்னாள். அவள் மனதில் ஓடியது சாமான் மட்டுமல்ல என்று தொழிலாளர் லயத்தில் எந்தப் பெண்ணைக் கேட்டிருந்தாலும் சொல்லியிருப்பாள். டீமேக்கர் யாரையும் கேட்கவில்லை. சாமானுக்கு இடம் பண்ணிவிட்டால் அவள் வந்துவிடுவாள் என்று கணக்குப் போட்டார்.

ஆடி மாதம் அவள் குழந்தையைப் பார்க்க பதுளைக்குப் போன சமயத்தில் அவர் காரியத்தில் இறங்கினார். ஞாயிற்றுக்கிழமை, கொழுந்து வராத நாள். ஸ்டோரின் வாட்டும் மாடியில், கம்பிவலை போட்ட நீளத் தட்டுகளில், கட்டில், அலுமாரி, சோபா, மேசை, கதிரைகள், தையல் மெசின், ஆட்டுக்கல் எல்லாவற்றையும் ஆட்களைக் கொண்டு பரப்பினார். அடியில் காற்றாடியைப் போட்டு, ஜன்னல்களையும் திறந்து விட்டார். வெளியே கச்சான் காற்று அடித்துக்கொண்டிருந்தது. ஊவாத் தேயிலைக்கு அந்த வாசனையைக் கொடுக்கும் காய்ந்த காற்று அதுதான். கட்டில் எப்படி ஐயா வாடும் என்று காவல்காரர் கேட்டதற்கு, மரமும் ஒருகாலத்தில் இலை விட்டதுதானே, அதற்கு வாடத் தெரியாதா என்றார். ஆட்டுக்கல்லைப் பற்றி அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை.

எல்லாம் வாடத்தான் செய்தன. மத்தியானத்துக்குள் சோபா முக்கால் அளவாயிற்று. பொழுது சாய்வதற்குள் அலுமாரியை ஒரு ஆள் தோளில் தூக்கலாம் என்றாயிற்று. எடை இறங்க இறங்க வாசனை ஏறியது: அலுமாரியிலிருந்து பூச்சி உருண்டையும் பழைய பட்டும், மேசையிலிருந்து தீபாவளி ஆட்டிறைச்சியும், கட்டிலிலிருந்து பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்த நாட்களில் தடவிய தைலமும் மணத்தன. பாதி அளவில் நிறுத்த வேண்டும் என்பதுதான் அவர் திட்டம். ஆனால் தொழிலில் ஒரு நாளும் கொழுந்தை அதிகம் வாட விடாத மனிதர், அன்று கோட்டை விட்டார். கண் தட்டில் இருந்தது, மனம் பதுளையில் இருந்தது. மறுநாள் காலை மாடியைக் கூட்ட வந்த அங்கம்மாதான் முதலில் பார்த்தாள். "ஐயா, கட்டிலு காஞ்சு மொறுமொறுன்னு கெடக்குங்க. இன்னும் காத்த வுட்டா தூளாப் போயிரும்," என்றாள். காற்றாடியை நிறுத்தினார்கள். மிஞ்சியது ஒரு கூடை.

விஜயலெட்சுமி பதுளையிலிருந்து நேரே பெரகலைக்கு வந்தாள். வீடு கூட்டிக் கழுவி இருந்தது. ஜன்னல் கட்டையில் அவளுடைய குடித்தனம் முழுவதும் வரிசையாக இருந்தது. அவள் தையல் மெசினை இரண்டு விரலால் எடுத்து, சக்கரத்தை நகத்தால் சுற்றிப் பார்த்தாள், சுற்றியது. டீமேக்கர் பக்கத்தில் நின்று, ஈரம் எத்தனை வீதம் இறங்கினால் எடை எவ்வளவு குறையும் என்று விளக்கினார். வாழ்க்கையில் அவர் அவளிடம் தொடர்ச்சியாகப் பேசிய மிக நீளமான பேச்சு அதுதான். அவள் முடியும்வரை கேட்டாள். "எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல," என்றாள். பிறகு இரண்டு சேலையை எடுத்துக்கொண்டு அடுத்த பதுளை பஸ்ஸில் ஏறிவிட்டாள். சாமான் சின்னதாகப் போனதில் அவளுக்கு வருத்தம் இல்லை. தன்னைக் கேட்காமல் தன் வீட்டைக் கட்டிவிட்டாரே என்றுதான் வயிறு எரிந்தது. அது நியாயமான எரிச்சல்தான்.

டீமேக்கர் பெரகலையில் தனியாக இருந்தார். ஒரு பாய், ஒரு கேத்தல், ஒரு தட்டு. சந்தியில் கடை வைத்திருந்த முஷ்ரிபாவிடம் ரொட்டி வாங்கிச் சாப்பிட்டார். தினமும் பதுளைக்குப் போன் போட்டு, குழந்தைக்குச் சளி எப்படி என்று கேட்டார். சளி சரியான பிறகும் சளியைத்தான் கேட்டார். ஐப்பசி மழை தொடங்கிய ஒரு சாயங்காலம், ஜன்னல் கட்டையில் வைத்த பிளேன்டீ கை தட்டிச் சிந்தி, ஒரு கதிரை மேல் ஊற்றியது. கதிரை மூச்சை இழுத்து விடுவதுபோல ஒரு சத்தம் போட்டு, கால்களை ஒவ்வொன்றாக நீட்டி, பழைய அளவுக்கு விரிந்து அறை நடுவில் நின்றது. சூடாகவும் இருந்தது. டீமேக்கர் அதில் உட்கார்ந்து மிச்சத் தேநீரைக் குடித்தார். காய்ந்த தேயிலை வெந்நீரில் விரியும் என்பது அவருக்குத் தெரியாததா என்ன. இத்தனை நாள் தோன்றவில்லையே என்று தன் மேலேயே கொஞ்சம் கோபப்பட்டார், அவ்வளவுதான்.

விஷயம் முஷ்ரிபாவுக்குப் போய், அவளிடமிருந்து சந்தி முழுக்கப் பரவியது. அவள் மகள் ரிஸ்காவின் நிக்காஹ் வந்தபோது, வீட்டில் கதிரை போதாதென்று கேட்டாள். டீமேக்கர் மேசையையும் கதிரைகளையும் கடலை மடிக்கிற மாதிரி ஒரு கடதாசிச் சுருளில் போட்டுக் கொடுத்து, கேத்தலைச் சாய்த்து மெதுவாக ஊற்ற வேண்டும், பச்சைத் தண்ணீர் ஆகாது என்று சொல்லி அனுப்பினார். மழைக்காலத்தில் திரும்ப வாட்ட முடியாதாகையால் மேசை தை மாதம் வரை முஷ்ரிபாவின் கடையிலேயே நின்றது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள் அதில் சாப்பிட்டார்கள். தையில் காய்ந்த காற்று வந்ததும் அவர் எல்லாவற்றையும் சந்திக்கு மேலே உள்ள மேட்டில் பரப்பி, இந்தத் தடவை பக்கத்திலேயே குந்தி இருந்து, பதமாக வாட்டி எடுத்தார். அதன் பிறகு அந்தப் பக்கத்துத் தோட்டங்களில் கல்யாணம், காதுகுத்து, சாவு எதுவானாலும் ஆட்கள் கேத்தலில் தண்ணீரைக் கொதிக்க வைத்துவிட்டுத்தான் அவரிடம் வந்தார்கள். ஹப்புத்தளைப் பக்கம் பந்தல் சாமான் வாடகைக்குக் கொடுக்கிறவர் மட்டும், இது தொழில் தர்மமில்லை என்று சொல்லித் திரிந்தார்.

மாசியில் ரமேஸ் போன் பண்ணினான். அப்பா தனியாகக் கிடந்தது போதும், சித்திரை வருஷப்பிறப்புக்கு வான் கொண்டு வருகிறேன், வீட்டைப் பூட்டிவிட்டு வத்தளைக்குப் போவோம் என்றான். டீமேக்கர் சரி என்றார். போனை வைத்த பிறகுதான் சரி என்று சொன்னது அவருக்கே உறைத்தது. வத்தளைக்குப் போய்விட்டால் விஜயலெட்சுமியை வருஷத்துக்கு இரண்டு தடவை பார்க்கலாம், தீபாவளிக்கும் பொங்கலுக்கும். அன்றே கூடையை எடுத்துக்கொண்டு பதுளைக்குப் பஸ் ஏறினார்.

மகள் வீட்டு மாடி அறையில், குழந்தை தூங்கிக்கொண்டிருக்க, அவர் கூடையிலிருந்து ஒவ்வொரு சாமானாக எடுத்துக் கட்டிலின் மேல் வைத்தார். "விஜயா, இதுல ஒனக்கு எது வேணும்? அங்க எடம் கம்மி. ஒண்ணுதான் விரிச்சு வைக்கலாம். நீ சொல்றத விரிக்கிறேன்," என்றார். அவர் தன்னிடம் ஒன்றைக் கேட்கிறார் என்பதை நம்ப அவளுக்குச் சற்று நேரம் பிடித்தது. பிறகு ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொன்னாள். அலுமாரி மாமியார் பார்த்து வாங்கியது. சோபா தோட்டத்து ஸ்டாப்மார் வீட்டுக்கு வந்தால் உட்காருவதற்காக வந்தது. அவர்கள் இருக்கும்போது அவள் குசினியில் இருப்பாள். மேசை துரை விருந்துக்காகச் செய்தது. அதில் அவள் ஒரு நாளும் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. கட்டில் சீதனம், அப்பா கொடுத்தது. எல்லாம் தொட்டு முடித்துவிட்டு, "இதுல எதுவும் நான் கேட்டு வந்ததில்லீங்க," என்றாள்.

"அப்ப ஒனக்கு என்னதான் வேணும்?"

"பின்விறாந்தையில ஒரு வாங்கு கெடந்துச்சே. அது."

அவர் வெகுநேரம் யோசிக்க வேண்டியிருந்தது. ஸ்டோருக்கும் முன்விறாந்தைக்குமாக நடந்த மனிதர் பின்பக்கத்தை எங்கே பார்த்தார்? சுவரோரமாக ஒரு நீள வாங்கு இருந்ததுதான். பெயின்ட் போன பெஞ்சுப் பலகை, யாரும் அதைச் சாமான் என்று எண்ணியதில்லை, வாட்ட எடுத்துப் போகவும் இல்லை. சாயந்தரம் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் பெண்கள் அதில்தான் வந்து குந்துவார்கள். விஜயலெட்சுமி சாயத் தேநீர் ஊற்றிக் கொடுத்துவிட்டு அவர்கள் நடுவில் உட்கார்ந்து இருட்டும்வரை பேசுவாள். அவள் சிரித்தது, அழுதது, பிள்ளைப்பேற்றுக்குப் பயந்தது எல்லாம் அந்த வாங்கில்தான். முன்பக்கத்தில் அவள் டீமேக்கர் வீட்டம்மா. பின்பக்கத்தில்தான் அவள் விஜயலெட்சுமி.

"அது கம்பனி சாமானாச்சே," என்றார் அவர்.

"போய்க் கேளுங்க. கேட்டா என்ன கொறஞ்சா போயிருவீங்க?"

அவர் கூடையில் எல்லாவற்றையும் திரும்ப அடுக்கினார். வாசல்வரை போய்த் திரும்பி நின்றார். "கேட்டுக் கொண்டாறேன். ஆனா நீ வரணும். ஒரு ரூம்தான் அந்த வீடு. நீ இல்லாம ரொம்பப் பெருசா கெடக்கு," என்றார். இதைச் சொல்லத்தான் ஒரு ஸ்டோர் நிறையக் காற்றும் ஒரு வருஷத்தில் முக்கால்வாசியும் அவருக்குத் தேவைப்பட்டன. விஜயலெட்சுமி கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டுவிட்டுப் போங்கள் என்றாள்.

புது டீமேக்கர் கிரிஷாந்தன் சின்ன வயது. தன் பழைய வீட்டின் முன்விறாந்தையில் கையைக் கட்டிக்கொண்டு நின்று ஒரு பழைய பலகையைக் கேட்பது புவனேந்திரனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது; காது சிவந்துவிட்டது என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். கிரிஷாந்தன் துரைக்குப் போன் போட்டான். உளுத்த வாங்குதானே, கொண்டுபோகச் சொல் என்று துரை சொல்லிவிட்டார். கஷ்டம் அங்கம்மாவிடம்தான் வந்தது. அவளும் இன்னும் சில பெண்களும் வழியை மறித்து, எங்கள் வாங்கு எங்கே போகிறது என்று கேட்டார்கள். அம்மாவுக்கு என்று அவர் சொன்னதும் மறியல் கலைந்தது. "அம்மா கேட்டாங்கன்னா தூக்குங்கடி. சாமான் வாங்க பெரகலைக்குப் போறப்ப நாம அங்கன போயி குந்திக்குவோம்," என்றாள் அங்கம்மா. அவர்களே தூக்கி லொறியில் ஏற்றினார்கள். பொழுது நல்ல வெயில், காற்றும் காய்ந்த காற்று. புவனேந்திரன் விஜயலெட்சுமிக்குப் போன் எடுத்து, வாட்டவா என்று கேட்டார். வேண்டாம், அப்படியே வரட்டும் என்று அவள் சொன்னாள். அவர் வாட்டவில்லை.

வாங்கு வீட்டைவிட நீளம். ஒரு முனை குசினி அடுப்புக்குப் பக்கத்தில் இருந்தது. அறை முழுதும் ஓடி, வாசலைத் தாண்டி, மறுமுனை ரோட்டோரத்தில் நின்றது. கதவைச் சாத்துவதற்காக அவர் அதன் கீழ்ப்பக்கத்தில் வாங்கின் அளவுக்கு ஒரு வெட்டுப் போட்டார். அந்த வாரக் கடைசியில் விஜயலெட்சுமி வந்து இறங்கினாள். சிவசக்தி போனில் கொஞ்சம் அழுதாள். பிறகு பகலில் குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஒரு பெண்ணைத் தேடிப் பிடித்தாள், சனிக்கிழமைகளில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பெரகலைக்கு வந்தாள். விஜயலெட்சுமி அடுப்புப் பக்கத்து முனையில் இருந்தபடியே சமைத்தாள், முஷ்ரிபாவோடு ரோட்டு முனையில் இருந்தபடியே பேசினாள். தோட்டத்துப் பெண்கள் மாவும் பருப்பும் வாங்க வந்தால் நடுவில் குந்தினார்கள். டீமேக்கருக்கு எங்கே உட்காருவது என்று முதலில் தெரியவில்லை. "இங்க வாங்க," என்று அவள் பக்கத்தில் இடம் விட்டாள். அவர் போய் உட்கார்ந்தார்.

சித்திரை பிறந்த அன்று ரமேஸ் வானோடு வந்தான். கட்ட வேண்டிய சாமான் எங்கே என்று கேட்டான். அம்மா அவனை வாங்கில் உட்கார வைத்துச் சோறு போட்டாள். சாப்பிட்டுக் கை கழுவியதும், வாடிய சாமான் வைத்திருந்த ஒரு டொபித் தகரப் பேணியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். "பங்கு போடணும்னு ஆசப்பட்டீங்கல்ல, இத போட்டுக்கங்க. அலுமாரியும் கட்டிலும் அக்காவுக்கு. சோபா ஒனக்கு. மேசையும் கதிரையும் இங்க ஊருக்கு வேணும், தரமாட்டேன். எங்க ரெண்டு பேரயும் பிரிக்க வேணாம்பா," என்றாள். ரமேஸ் அப்பாவைப் பார்த்தான். அப்பா, வெந்நீர் கொதித்திருக்க வேண்டும், ஆனால் கொந்தளிக்கக் கூடாது, அதுதான் பதம் என்று சொன்னார். வாங்கில் இருந்த தோட்டத்துப் பெண்கள் எல்லோரும் ரமேஸையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு சோபாவை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

வான் காலியாகவே மலையிறங்கியது. வழியில் பெலிஹுல்ஓயாவில் டிரைவர் தேநீர் குடிக்க நிறுத்தியபோது, வத்தளையிலிருந்து ரமேஸின் மனைவி போன் பண்ணி, மாமாவுக்கு முன் அறையை ஒழித்து வைக்கட்டுமா என்று கேட்டாள். மாமா வரவில்லை, மாமியோடு இருக்கிறார், சோபாதான் வருகிறது, ஹாலில் இடம் விடு என்றான் ரமேஸ். எத்தனை பேர் இருக்கலாம் என்று அவள் கேட்டாள். மூன்று பேர் என்று சொல்லிவிட்டு, தேநீர்க் கோப்பையைச் சட்டைப்பைக்கு எட்டத் தள்ளிப் பிடித்துக்கொண்டு குடித்தான்.